புல்வெட்டி, பிரஷ் கட்டர் மக்கர் பண்ணினால்: கார்புரேட்டரை நீங்களே சரிபார்ப்பது எப்படி

என்னிடம் புதர் வெட்டும் பிரஷ் கட்டர் ஒன்று, தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டி ஒன்று. இரண்டும் ஒரே மாதத்தில் மக்கர் பண்ணின. பிரஷ் கட்டரின் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மூன்று முறை கழற்றி மாட்டினேன், மூன்றாவது முறைதான் தெரிந்தது, முதல் தடவை திறந்தபோதே நான் ஒரு பேக்கிங்கை (பாகங்களுக்கு நடுவே கசியாமல் இருக்க வைக்கும் தாள்) இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று. புல்வெட்டியை மெக்கானிக்கிடம் கொடுத்துப் புதுக் கார்புரேட்டரே போட்டு எடுத்துவந்தேன். பத்து நிமிடம் ஓடிவிட்டு முன்பு போலவே நின்றது. கோளாறு கார்புரேட்டரில் இல்லவே இல்லை, எங்கே என்று கீழே சொல்கிறேன். இரண்டுக்குமாக நான் தொலைத்த வார இறுதிகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை, உங்களுடையதாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி மெக்கானிசம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. பொறுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை?

சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டே வகைக் கார்புரேட்டர்தான். புல்வெட்டி, பவர் வீடர், தண்ணீர் பம்பு போல ஒரே நிலையில் நின்று ஓடுகிற ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரங்களில் ஃப்ளோட் (மிதவை) வகை இருக்கும். கார்புரேட்டரின் அடியில் சின்னக் கிண்ணம் போல ஒன்று தொங்கும், அதன் நடுவில் ஒரு போல்ட், அதுதான் அடையாளம்.

பிரஷ் கட்டர், செயின் சா, இலை ஊதும் புளோயர் போல எப்படிச் சாய்த்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும் ஓட வேண்டிய டூ ஸ்ட்ரோக் இயந்திரங்களில் டையாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகை. கிண்ணம் இருக்காது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய உலோகக் கட்டி, இரண்டு பக்கமும் மூடி. வால்ப்ரோ, ஜாமா என்ற தயாரிப்பாளர் பெயர்களை அதன் மேல் பார்க்கலாம்.

சில பழைய புல்வெட்டிகளில் பெட்ரோல் டேங்கின் தலையிலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். அது தனிக் கதை, அதன் கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள்.

2. எண்களும் காகிதங்களும்

கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஏனென்றால் பிரித்துப் போட்ட பிறகு எண்ணெய்க் கையோடு பில்லைத் தேடுவது கொடுமை.

முதலில் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம், திறந்த தடம் தெரிந்தாலே கையை விரித்துவிடுவார்கள். ஆனால் ஒன்று, பழைய பெட்ரோலால் வந்த அடைப்பைப் பல வாரண்டிகள் ஏற்பதே இல்லை. எதெல்லாம் சேராது என்று எழுதியிருக்கும் பத்தியை முழுசாகப் படித்துவிட்டுப் பிறகு சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அடுத்து மூன்று எண்கள் வேண்டும். இயந்திரத்தின் மாடல் எண், எஞ்சினின் மாடல் எண், கார்புரேட்டரின் மேல் பொறித்திருக்கும் எண். முதல் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து நான் இயந்திரத்தின் எண்ணை மட்டும் கொடுத்து ரிப்பேர் கிட் (பேக்கிங், டையாஃப்ரம் எல்லாம் சேர்ந்த பொட்டலம்) வாங்கினேன், துளைகள் எதுவும் பொருந்தவில்லை. ஒரே மாடல் இயந்திரத்திலேயே வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கார்புரேட்டர் வந்திருக்கலாம். கார்புரேட்டர் மேலேயே இருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். அழுக்கில் மறைந்திருக்கும், துடைத்துவிட்டுச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

கையேடு தொலைந்துபோயிருந்தால் எஞ்சின் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். அதோடு பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடமும் இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள், மாட்டும்போது அதுதான் உதவும்.

3. கார்புரேட்டரைத் தொடாமல் பார்க்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்ததால்தான் எனக்கு அவ்வளவு செலவு. சிரிக்காமல் வரிசையாகப் பாருங்கள்.

ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா? ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஆயில் அளவு சரியா? சில எஞ்சின்களில் ஆயில் குறைந்தால் பிளக்கின் தீப்பொறியையே நிறுத்திவிடும் சென்சார் இருக்கிறது, அது தெரியாமல் கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்போம்.

அப்புறம் பெட்ரோல். டேங்கில் இருப்பதைக் கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். நல்ல பெட்ரோலின் நெடி மூக்கில் சுருக்கென்று ஏறும். கெட்டுப்போனது பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போல ஒரு புளித்த வாடை அடிக்கும், நிறமும் கறுத்திருக்கும். அடியில் தனி அடுக்காகவோ முத்து முத்தாகவோ எதாவது நின்றால் அது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே. இப்படி எதாவது தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றி முயன்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோலை நான் இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கெட்ட பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலந்த பெட்ரோல்தான். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. எது உங்களுக்கு என்று கையேட்டிலும் பெரும்பாலும் டேங்க் மூடியிலும் போட்டிருக்கும். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் கார்புரேட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே இருக்காது, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டுவிடும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். புல் தூளும் ஆயிலும் சேர்ந்து களிம்பாக இருந்தால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். பஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காயவைக்கலாம், காகித ஃபில்டரை நனைக்கக் கூடாது.

டேங்க் மூடி. என் புல்வெட்டியின் வில்லன் இதுதான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், அதற்காக மூடியில் ஒரு பொடித் துளை இருக்கும். அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், சிறிது நேரம் விட்டால் திரும்ப ஓடும். சோதனை சுலபம், எஞ்சின் நின்ற உடனே மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் அதுதான் கோளாறு. மூடியைக் கழுவி ஊதினேன், சரியாகிவிட்டது. புதுக் கார்புரேட்டருக்கான பில் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

டேங்குக்குள் குழாயின் நுனியில் ஒரு சிறு ஃபில்டர் தொங்கும், கொக்கிக் கம்பியால் இழுத்துப் பாருங்கள். குழாய்கள் வெடித்திருக்கிறதா, மடித்தால் விரிசல் தெரிகிறதா? டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சருக்குள் இருக்கும் சின்ன வலையில் கரி அடைத்தாலும் எஞ்சின் அமுங்கி அமுங்கி ஓடும், கேட்டால் அச்சு அசல் கார்புரேட்டர் கோளாறு மாதிரியே இருக்கும்.

கடைசியாக பிளக், அதாவது எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக். ஏழெட்டு முறை கயிற்றை இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, அதிகமாகவே வருகிறது. காய்ந்திருந்தால் வரவில்லை. பொறி பார்ப்பதாக இருந்தால் பிளக்கை அது கழன்று வந்த துளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், துளையிலிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும்.

காய்ந்திருந்து, பொறியும் நன்றாக இருந்தால் இன்னொரு சோதனை. அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகப் புதுப் பெட்ரோலை (டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலந்ததை) பிளக் துளை வழியாக விட்டு, பிளக்கை மாட்டி, சிந்தியதைத் துடைத்து ஆவி போகவிட்டு இழுங்கள். இரண்டு மூன்று விநாடி சீறிவிட்டு நின்றால் சந்தோஷப்படலாம். எஞ்சின் உயிரோடு இருக்கிறது, பெட்ரோல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இப்போதுதான் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

4. அது எப்படி மக்கர் பண்ணுகிறது என்று கவனியுங்கள்

சோக் (காற்றைக் குறைக்கும் லீவர்) போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது: பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது. ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் பொடித் துளையுள்ள பாகம்) அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே எங்கோ காற்று கசிகிறது.

ஒரே இடத்தில் நிற்கும் புல்வெட்டி வூம்... வூம்... என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது: ஃப்ளோட் வகையில் இதற்குப் பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கான பைலட் ஜெட்தான் காரணம். கவர்னர் (வேகத்தைத் தானாகச் சீராக வைக்கும் அமைப்பு) வேகத்தைத் தூக்க, பெட்ரோல் போதாமல் இறங்க, மறுபடி தூக்க என்று நடக்கும் இழுபறி அது. கவர்னர் ஸ்பிரிங்கைத் திருகி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

சும்மா இருக்கும்போது நன்றாக ஓடி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அமுங்கி நிற்கிறது: ஃப்ளோட் வகையில் அதிக வேகத்துக்கான மெயின் ஜெட், டையாஃப்ரம் வகையில் விறைத்துப்போன டையாஃப்ரமோ உள்ளே இருக்கும் வலையோ.

பெட்ரோல் ஒழுகுகிறது, கறுப்புப் புகை வருகிறது: பெட்ரோல் உள்ளே வருவதைத் திறந்து மூடும் ஊசி வால்வு மூடவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இப்படி ஒழுகிய பெட்ரோல் சிலிண்டர் வழியாக எஞ்சின் ஆயிலில் போய்க் கலந்திருக்கலாம். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரைச் சரிசெய்த பிறகு ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்காமல் கத்துகிறது என்றால் காற்றுக் கசிவு. டூ ஸ்ட்ரோக்கில் இது ஆபத்து, காற்று கூடி ஆயில் கலந்த பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறி உரசும். உடனே நிறுத்திவிடுங்கள்.

5. என்ன வேண்டும், எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம்

சரியான அளவுத் திருப்புளிகள் (பித்தளை ஜெட்டின் வெட்டில் இறுக்கமாக உட்காரும் அகலத்தில் ஒன்று கட்டாயம்), 8, 10 மி.மீ. ஸ்பேனர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, வெள்ளைத் துணி விரித்த ஒரு தட்டு, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை, போன் கேமரா. தட்டு எதற்கு என்றால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒன்று அரிசி நீளம்தான் இருக்கும், புல்லில் விழுந்தால் கிடைக்காது. என்னுடையது கிடைக்கவில்லை.

செலவு என்று பார்த்தால் கிளீனரும் பேக்கிங் கிட்டும்தான் மிகக் குறைவு. அடுத்து வேற்று நிறுவனம் செய்த மாற்றுக் கார்புரேட்டர், அதற்கு மேலே மெக்கானிக் கூலி, உச்சத்தில் அசல் கார்புரேட்டர். நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து இந்த வரிசை கொஞ்சம் மாறும். கூலி கேட்கும்போது பாகமும் சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நேரம்: முதல் முறை மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டாம் முறை முக்கால் மணியில் முடியும். கிட் வந்துசேரத்தான் நாள்கள் ஆகும், அதனால் கழற்றுவதற்கு முன்பே எண்ணைப் பார்த்து வரவழைத்துவிடுவது நல்லது. திறந்து போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால் எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக மறந்துபோகும்.

6. கழற்றுதல்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வெளியில், நெருப்புப் பொறி எதுவும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள், பக்கத்தில் தண்ணீர் சூடேற்றும் அடுப்பு கூட வேண்டாம். பிளக் வயரைப் பிடுங்கி ஒதுக்கி வையுங்கள். டேப்பை மூடுங்கள், டேப் இல்லாவிட்டால் டேங்கைக் காலி செய்யுங்கள்.

புல்வெட்டியைச் சாய்க்க வேண்டியிருந்தால் ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கி இன்னொரு வேலை வைக்கும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். குறிப்பாக மூன்று இடங்கள். கவர்னர் கம்பியும் ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன, ஏனென்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். இரண்டாவது, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே பேக்கிங், சூட்டைத் தடுக்கும் கறுப்பு இன்சுலேட்டர், இன்னொரு பேக்கிங் என்று வரும் வரிசையும் எந்தப் பக்கம் எதைப் பார்க்கிறது என்பதும். மூன்றாவது, டூ ஸ்ட்ரோக்கில் எந்தக் குழாய் எங்கே. டேங்குக்குள் ஃபில்டர் இருக்கும் குழாய் கார்புரேட்டரின் உறிஞ்சு முனைக்கு, ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோலை இழுக்க அமுக்கும் ரப்பர்க் குமிழிலிருந்து வருவது டேங்குக்குத் திரும்பும் குழாய். இரண்டையும் மாற்றிப் போட்டால் குமிழை எவ்வளவு அமுக்கினாலும் நிறையாது.

7. ஃப்ளோட் வகையைச் சுத்தம் செய்தல்

கிண்ணத்தின் அடி போல்ட்டைக் கழற்றியதும் மிச்சப் பெட்ரோல் கொட்டும், தட்டைப் பிடியுங்கள். கிண்ணத்தின் உள்ளே பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ பழுப்புப் பிசுக்கோ இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஃப்ளோட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பியைத் தள்ளி எடுத்தால் ஃப்ளோட்டும் அதோடு ஊசி வால்வும் கையில் வரும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளவென்றால் ஓட்டை, மாற்றுங்கள். ஊசி வால்வின் கூம்பு நுனியில் நகத்தை ஓட்டினால் வட்டமாக ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா? அதையும் மாற்ற வேண்டும். அது உட்காரும் இடத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியில் கிளீனர் தொட்டு நிதானமாகத் துடைத்துவிடுங்கள்.

நடுத் தூணின் உள்ளே இருப்பது மெயின் ஜெட். அதைக் கழற்றியதும் அதற்குப் பின்னால் பக்கவாட்டில் பொடிப் பொடித் துளைகள் உள்ள ஒரு நீளக் குழல் இருக்கும். தானாக விழாது, அதனால் பலர் அப்படி ஒன்று இருப்பதையே கவனிப்பதில்லை. கார்புரேட்டரின் வாய்ப்பக்கத்திலிருந்து மரக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள், வரும். அதன் ஒவ்வொரு துளையும் திறந்திருக்க வேண்டும்.

இனி பைலட் ஜெட். பெரும்பாலான கோளாறு இதில்தான், பெரும்பாலானவர்கள் கழற்றாமல் விடுவதும் இதைத்தான். ஹோண்டா ஜிஎக்ஸ் வகை எஞ்சின்களில் கார்புரேட்டரின் மேல்பக்கம், ஐட்லிங் ஸ்க்ரூவை (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூ) எடுத்ததும் அதன் கீழே பிளாஸ்டிக் தலையோடு செருகியிருக்கும். நெம்பினால் மேலே வரும். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், ஊசி குத்தியது போல ஒரு வட்ட வெளிச்சம் முழுசாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் பாதி அடைப்பு. முழுசாக அடைத்திருந்தால் இருட்டுதான் தெரியும். இரண்டு முறை கிளீனர் அடித்து, அரைமணி ஊறவைத்து, செம்பு இழையை நுழைத்தால் பழுப்பு நிறத்தில் தூசு மாதிரி ஒன்று வந்து விழும், கடுகில் பாதி கூட இருக்காது. அவ்வளவுதான்.

இரும்புக் கம்பி, துளையிடும் பிட், தையல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை ஒரு இழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகு ஒவ்வொரு வழியிலும் ஸ்பிரே குழாயை வைத்து அடியுங்கள், மறுமுனையில் எங்கிருந்து வெளியே வருகிறது என்று பாருங்கள். எங்கிருந்தும் வராவிட்டால் அங்கே அடைப்பு இருக்கிறது. கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், சில வழிகள் நேராக உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். ரப்பர் வளையங்களில் கிளீனர் படக் கூடாது, ஊதிப் பெருத்துவிடும்.

ஃப்ளோட்டையும் ஊசியையும் மாட்டிய பிறகு, கிண்ணம் போடுவதற்கு முன் ஒரு சோதனை. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான குழாய் ஒன்றைச் செருகி மெதுவாக ஊதுங்கள். காற்று போகக் கூடாது. ஃப்ளோட்டை விரலால் தூக்கினால் போக வேண்டும். இது சரியாக இருந்தால் ஒழுகாது.

8. டையாஃப்ரம் வகையைத் திறத்தல்

ஒரு பக்க மூடிக்கு ஒரே ஸ்க்ரூ இருக்கும், அது பம்புப் பக்கம். மறுபக்கம் பெரும்பாலும் நான்கு ஸ்க்ரூ, அது பெட்ரோலை அளந்து விடும் பக்கம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திறங்கள், அதை மூடிவிட்டு அடுத்தது.

பம்புப் பக்கத்தில் மூடியை எடுத்ததும் பொடி வலை ஒன்று தெரியும். பொத்தான் அளவு கூட இருக்காது, ஆனால் இது அடைத்தால் எஞ்சினுக்குப் பிக்கப்பே வராது. குண்டூசியால் நெம்பி எடுத்துக் கழுவுங்கள்.

டையாஃப்ரத்தை விரலில் வைத்து வளைத்துப் பாருங்கள். துணி மாதிரி துவள வேண்டும். காய்ந்த இலை மாதிரி சரசரவென்றாலோ, கழற்றிய பிறகும் குழிந்த வடிவத்திலேயே நின்றாலோ அது முடிந்தது. ஓட்டை இருக்க வேண்டும் என்றில்லை, விறைத்தாலே போதும். இதைச் சுத்தம் செய்து பயனில்லை, கிட்தான் போட வேண்டும்.

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். இரண்டு பக்கத்திலும் ஒரு பேக்கிங், ஒரு டையாஃப்ரம் இருக்கும், ஆனால் வரிசை ஒன்றல்ல. வழக்கமாகப் பம்புப் பக்கத்தில் உடலை ஒட்டி முதலில் டையாஃப்ரம், அதன் மேல் பேக்கிங், பிறகு மூடி. அளக்கும் பக்கத்தில் உடலை ஒட்டி முதலில் பேக்கிங், அதன் மேல் டையாஃப்ரம், பிறகு மூடி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நானே முடிவு செய்து இரண்டிலும் டையாஃப்ரத்தை முதலில் வைத்தேன். ஸ்டார்ட் ஆனது, ஐட்லிங்கும் நின்றது, ஆக்சிலேட்டரைத் தொட்டால் செத்தது. அதை வைத்துக்கொண்டு குழாயை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், ஊரெல்லாம் தேடினேன். படம் எடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை. உங்கள் கார்புரேட்டரில் வரிசை வேறு மாதிரி இருந்தால் நீங்கள் எடுத்த படத்தைத்தான் நம்ப வேண்டும், என்னை அல்ல.

அளக்கும் பக்கத்தில் டையாஃப்ரத்தின் கீழே சின்ன லீவர், அதன் அடியில் ஸ்பிரிங், நுனியில் ஊசி. லீவரின் அச்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றும்போது கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பறக்கும். லீவரின் உயரத்தை வளைத்து மாற்றாதீர்கள், இதற்கு முன் ஓடிய இயந்திரம்தானே அது. சில மாடல்களில் டையாஃப்ரத்தின் நடுக்குமிழை லீவரின் கவையில் கொக்கி போல மாட்ட வேண்டும், மேலே வைத்து மூடினால் பெட்ரோல் வராது.

டையாஃப்ரம் உள்ளே இருக்கும்போது அழுத்தக் காற்றையோ கிளீனரையோ அடித்தால் அது அதோகதி. கழற்றிய பிறகுதான்.

9. திரும்ப மாட்டுதல்

டூ ஸ்ட்ரோக்கில் இன்சுலேட்டரிலும் பேக்கிங்கிலும் பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பொடித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்க் கேஸின் (பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அறை) அழுத்தத் துடிப்பு அந்த வழியாக வந்துதான் பம்பு டையாஃப்ரத்தை ஆட்டுகிறது. பேக்கிங்கைத் திருப்பிப் போட்டால் துளை மூடிக்கொள்ளும், பம்பு வேலை செய்யாது, புதுக் கிட் போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று புலம்ப வேண்டியதுதான்.

ஸ்க்ரூக்களை முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள், அலுமினியத்தில் மரை போய்விடும். பேக்கிங்கில் பசை, சிலிகான் எதுவும் தடவ வேண்டாம். பிதுங்கி வரும் துளிதான் அடுத்த அடைப்பு. மாட்டியதும் டேப்பைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள், ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகு பிளக் வயரை மாட்டுங்கள்.

10. ஸ்க்ரூ திருகுதல்

ஃப்ளோட் வகையில் பெரும்பாலும் ஐட்லிங் ஸ்க்ரூ தவிர வேறெதையும் தொட வேண்டியிருக்காது. டையாஃப்ரம் வகையில் எல், எச் என்று இரண்டு ஊசி ஸ்க்ரூ, அதோடு ஐட்லிங்குக்கு ஒன்று. எல் என்பது குறைந்த வேகத்துக்கு, எச் முழு வேகத்துக்கு. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும்.

கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் போய் முட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள், அழுத்தி இறுக்கினால் ஊசி நுனி நசுங்கும். எண்ணவில்லை, மறந்துவிட்டது என்றால் கையேட்டில் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் முட்டிய இடத்திலிருந்து ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கலாம்.

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, சூடான பிறகு எல் முதலில். மெல்ல உள்ளேயும் வெளியேயும் திருகி வேகம் அதிகபட்சமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு பங்குச் சுற்று வெளியே. ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொடுத்தால் தயங்காமல் எகிற வேண்டும். அப்புறம் ஐட்லிங், செயினோ பிளேடோ சுற்றாத அளவுக்கு இறக்குங்கள். ஐட்லிங்கில் செயின் நகர்ந்தால் அதைக் கையில் எடுக்கவே கூடாது. கடைசியாக எச். முழு வேகத்தில் சத்தம் கொஞ்சம் கரகரப்பாக, நிறைவாக இருக்க வேண்டும். கீச்சென்று தெளிவாகக் கத்தினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பெட்ரோலும் ஆயிலும் குறைவாகப் போகிறது என்று அர்த்தம், பிஸ்டன் போய்விடும். சந்தேகம் வந்தால் வெளிப்பக்கமே திருகுங்கள். எச் விஷயத்தில் காது பழகாதவர்கள் எஞ்சின் வேகம் அளக்கும் டேக்கோமீட்டர் வைத்திருப்பவரிடம் போவதே நல்லது, நானும் அப்படித்தான் செய்தேன்.

சில ஸ்க்ரூக்களுக்குத் தலை வேறு வடிவத்தில் இருக்கும், தனித் திருப்புளி வேண்டும். இடுக்கியால் பிடித்துத் திருகி மழுங்கடிக்காதீர்கள்.

11. எப்போது புதுசு வாங்கலாம்

உள்ளே உலோகம் அரித்து வெள்ளையாகப் பொரிந்திருந்தால், த்ராட்டில் அச்சு (ஆக்சிலேட்டர் கொடுத்தால் திரும்பும் தண்டு) துளைக்குள் லொடலொடவென்று ஆடினால், ஜெட்டின் வெட்டு மழுங்கிக் கழற்றவே வராவிட்டால் சுத்தம் செய்வதில் பயனில்லை. மாற்றுக் கார்புரேட்டர் வாங்கலாம். வாங்கும் முன் பழையதைப் பக்கத்தில் வைத்து போல்ட் துளைகளின் இடைவெளி, வாயின் விட்டம், குழாய் முனைகள் எந்தப் பக்கம், சோக் லீவர் எந்தப் பக்கம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள், பெட்ரோல் பட்ட பாகத்தைப் பலர் திரும்ப வாங்குவதில்லை. பழையதை உடனே தூக்கிப் போட வேண்டாம், அதன் ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் பிறகு உதவும். புதுசிலும் எல், எச் உங்கள் எஞ்சினுக்கு ஏற்றபடி வைத்து வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், பத்தாம் படியை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

12. ஓட்டாமல் வைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். ஃப்ளோட் வகையில் அதன் பிறகும் கிண்ணத்தில் கொஞ்சம் தேங்கியிருக்கும், அடியில் வடிகால் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து வடித்துவிடுங்கள். அந்த ஒரு தேக்கரண்டிதான் காய்ந்து பைலட் ஜெட்டில் போய் அடைகிறது.

பெட்ரோலை மூன்று நான்கு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். கேனில் ஒரு துண்டு டேப் ஒட்டி வாங்கிய தேதியையும், ஆயில் கலந்ததா, கலந்தால் எந்த அளவு என்பதையும் எழுதிவிடுங்கள். என் கேனில் இப்போது இருப்பது: 12ஆம் தேதி, 50:1.